முதியோர் இல்லப் பணியாளருக்குத் தொலைவழியில் தொற்றுக்கட்டுப்பாடு பழக்குதல்: வாகரை முதல் பொத்துவில் வரை எப்படி நடத்தலாம்?

வாவிக்கரை
எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் பராமரிப்பாளர்களுக்குக் கிழமைக்கு ஒரு தடவை போன் வழியாகத் தொற்றுக்கட்டுப்பாடு பழக்க ஒரு திட்டம் வரைகிறோம். இவர்களில் பெரும்பாலானோர் தாதியர் பயிற்சி பெறாதவர்கள். குளிப்பாட்டுவது, தீத்துவது, பம்பர்ஸ் மாற்றுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது எல்லாம் இவர்கள் கையால்தான் நடக்கிறது. மட்டக்களப்பு டவுனில் இரண்டு நாள் பட்டறை வைத்தால் வாகரையிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் ஓர் இல்லத்துக்கு ஒருவர்தான் வரமுடியும். மற்றவர்கள் முதியோரை விட்டுவிட்டு வர வழியில்லை.

முன்மாதிரி இருக்கிறது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் ஈரல் நோய் வைத்தியர் சஞ்சீவ் அரோரா 2003 இல் தொடங்கிய 'எக்கோ' முறை. ஹெப்பரைரிஸ் சி நோயாளியைத் தூரத்து நகரத்துக்குக் கூப்பிடாமல், கிராமத்து வைத்தியரைக் கிழமைதோறும் நிபுணர்களோடு காணொளியில் உட்காரவைத்து, அவருடைய நோயாளியைப் பற்றியே பேசவைத்தார்கள். 2020 இல் கொவிட் பரவியபோது அமெரிக்காவில் இதே முறையை முதியோர் பராமரிப்பு நிலையங்களுக்குக் கொண்டுபோனார்கள்: 16 கிழமைகள், கிழமைக்கு 90 நிமிடம், 9,000 க்கு மேற்பட்ட நிலையங்கள். அந்த 90 நிமிடம் நமக்குச் சரிவராது என்பது என் எண்ணம். அமர்வை எப்படிப் பிரிக்கலாம், எதை முதலில் எடுக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் எழுதுங்கள்.

கல்லடிப்பாலம்
பாடம் நடத்த வேண்டாம். அதுதான் முதல் விசயம். நாற்பது சிலைட்டைக் காட்டி வாசித்தால் மூன்றாம் கிழமை ஒரு போனும் இணையாது. வைத்தியசாலை தொற்றுக்கட்டுப்பாட்டு தாதிய உத்தியோகத்தர் ஒருவர் வழிகாட்டியாக இருக்கட்டும், முடிந்தால் நுண்ணுயிரியல் வைத்திய நிபுணர் மாதத்துக்கு ஒருமுறை வரட்டும். ஆனால் பேச்சின் பெரும்பகுதி இல்லத்தவர்களுடையதாக இருக்கவேண்டும்.

50 நிமிடம் போதும். முதல் 5 நிமிடம், போன கிழமை சொன்ன வேலை யாரால் முடிந்தது, யாரால் முடியவில்லை, ஏன். பிறகு 10 நிமிடத்துக்கு மேற்படாமல் ஒரே ஒரு செய்முறை. அதையும் வாயால் விளக்காமல் கமெராவுக்கு முன் செய்து காட்டவேண்டும். அடுத்த 30 நிமிடம்தான் உயிர்: இரண்டு இல்லங்கள் தங்களிடம் உள்ள ஒரு சிக்கலைச் சொல்லும், மற்ற இல்லங்கள் முதலில் பதில் சொல்லும், வழிகாட்டி கடைசியாகப் பேசுவார். வழிகாட்டி முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் மூடிவிடுவார்கள். கடைசி 5 நிமிடத்தில் வரும் கிழமைக்கான வேலை. ஒன்று மட்டும். மூன்று கொடுத்தால் மூன்றும் நடக்காது.

சிக்கலை எழுதித் தரச் சொல்லாதீர்கள். போனைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினுக்கும் கட்டிலுக்கும் இடையில் நடந்து காட்டச் சொல்லுங்கள். "கைகழுவ வசதி இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு மிஸ்" என்றுதான் பதில் வரும். நடந்து காட்டும்போதுதான் பேசின் விறாந்தையின் மறுகரையில் இருப்பதும், சவர்க்காரம் தண்ணீருக்குள் கரைந்து கிடப்பதும், துடைக்க ஒரே துவாய் தொங்குவதும் தெரியும்.

மாதுளை
நேரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். காலையில் குளிப்பாட்டல், சாப்பாடு, மருந்து. பின்னேரம் தேத்தண்ணி, விளக்கு வைக்கிற நேரம். பகல் 2 மணிதான் முதியோர் படுக்கிற நேரம், வேலையாட்களுக்கும் இருக்க முடிகிற நேரம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ, ஞாயிறு பூசை. செவ்வாய் அல்லது புதன் வையுங்கள்.

இரவு வேலை ஆட்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இரவில்தான் ஒருவரே பதினைந்து பேரைப் பார்க்கிறார். அமர்வில் சொன்னதை 3 நிமிடக் குரல்பதிவாக வட்ஸ்அப்பில் போடுங்கள். எழுத்தில் போட்டால் பாதிப் பேர் வாசிக்கமாட்டார்கள், கேட்கச் சொன்னால் கேட்பார்கள். பகல் ஆள் இரவு ஆளிடம் வேலை ஒப்படைக்கும்போது அந்த ஒரு வேலையைச் செய்துகாட்டவேண்டும் என்று வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

இல்லப் பொறுப்பாளர் முதல் அமர்விலும், சாமான் வாங்கப் பேசும் அமர்விலும் இருக்கட்டும். மற்ற நாட்களில் பக்கத்தில் நின்றால் பிள்ளைகள் உண்மை சொல்லமாட்டார்கள்.

எழுவான்
தொழில்நுட்பப் பக்கம். ஸூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் வெட்டிவிடும். கல்லடிப்பாலம் சொல்லும் 50 நிமிடத்துக்குக் கட்டணக் கணக்கு ஒன்று வேண்டும். வழிகாட்டி பக்கம் ஒன்று இருந்தால் போதும், இல்லங்கள் இலவசமாகவே சேரலாம். ஒரு மணி நேரக் குழுக்காணொளிக்கு ஏறக்குறைய 1 ஜீபி போகும். அந்த டேட்டா செலவைப் பிள்ளைகளின் கையில் விடாதீர்கள், திட்டமே கட்டவேண்டும்.

படத்தைவிடச் சத்தம்தான் முக்கியம். ஆறு பேர் ஒரு போனைச் சுற்றி இருக்கும்போது ஸ்பீக்கரில் எதிரொலி வரும். போனை ஒரு வெற்றுப் பீங்கான் கோப்பைக்குள் நிறுத்தினால் ஸ்பீக்கர் சத்தம் கூடும், ஆனால் மைக் மூடிவிடும். அதனால் சுவரில் சாய்த்து, கண் மட்டத்தில், யன்னலுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து வையுங்கள். யன்னல் பின்னால் இருந்தால் கை கறுப்பாகத்தான் தெரியும். மின்விசிறிக்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

ஓர் அழைப்பில் 8 இல்லங்களுக்கு மேல் சேர்த்தால் பேசும் முறை வராமலே நேரம் முடிந்துவிடும். வாகரை, வாழைச்சேனை ஒரு குழு. கல்முனை முதல் பொத்துவில் வரை இன்னொரு குழு என்று பிரியுங்கள்.

கல்லடிப்பாலம்
எழுவான் தம்பி சொன்ன வெளிச்ச விசயம் சரி. கைகழுவலைப் பழக்கும்போது விரல் நுனி தெரியாவிட்டால் பயன் இல்லை.

முதல் நான்கு கிழமையும் கை மட்டும்தான். சவர்க்காரமும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, அல்ககோல் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி, கை தானாகக் காயும்வரை. இதைச் சொல்லாமல் காட்ட ஒரு வழி: கையுறை போட்டு, உள்ளங்கையில் ஒரு தேக்கரண்டி போஸ்டர் கலர் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு கழுவுவதுபோலத் தேய்க்கச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்து கமெராவுக்குக் காட்டட்டும். பெருவிரலின் பின்பக்கம், விரல் நுனி, விரல் இடுக்கு எப்போதும் வெள்ளையாக இருக்கும். எல்லா இல்லத்திலும் அதே இடங்கள். ஆளையாள் பார்த்தவுடன் யாரும் யாரையும் குறை சொல்லத் தேவையில்லாமல் போய்விடும்.

உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட ஐந்து தருணங்களை வைத்தியசாலை மொழியில் சொல்லாதீர்கள். முதியோர் இல்லத்தில் அது இப்படி: ஐயாவைத் தொடமுன், புண்ணைக் கட்டவோ கதீற்றரை (சிறுநீர் வெளியேறப் போட்ட குழாயை) தொடவோ முன், பம்பர்ஸ் மாற்றிய பின், ஐயாவைத் தொட்ட பின், அவருடைய கட்டிலையோ மேசையையோ தொட்ட பின். எல்லோரும் பம்பர்ஸ் மாற்றிய பின் கழுவுகிறார்கள், ஏனென்றால் அருவருப்பு. விட்டுப்போவது முதல் இரண்டும்தான். அவை முதியவரைக் காப்பாற்றும் தருணங்கள், மற்ற மூன்றும் நம்மையும் அடுத்தவரையும் காப்பது. இந்த ஒரு வேறுபாட்டை விளங்கவைத்தால் பாதி வேலை முடிந்தது.

கையுறை போட்டால் கழுவத் தேவையில்லை என்ற எண்ணம் எல்லா இடத்திலும் கிடக்கிறது. ஒரே சோடியோடு நான்கு கட்டில் போவது வெறுங்கையைவிடக் கூடாதது, ஏனென்றால் கை பிசுபிசுப்பதுகூடத் தெரியாது. ஆளுக்கு ஆள் மாற்றவேண்டும். ஒரே ஆளிடம்கூட மலம் துடைத்தபின் புண்ணுக்குப் போகமுன் மாற்றவேண்டும். கழற்றியதும் கழுவவேண்டும்.

திரவ சவர்க்காரப் போத்தலில் முடிய முடிய மேலே ஊற்றி நிரப்புகிறார்கள். பழைய மிச்சத்தில் கிருமி வளரும். முழுதாக முடிந்தபின் போத்தலைக் கழுவி, காயவிட்டு, பிறகு நிரப்பவேண்டும். கட்டிச் சவர்க்காரம் என்றால் சிறு துண்டாக வெட்டி, தண்ணீர் வடியும் தட்டில். தண்ணீர்க்குழாய் தூரமான இல்லத்துக்குக் குழாய் பூட்டிய 20 லீற்றர் வாளி ஒன்றும், கீழே ஒரு பேசினும் கட்டில் வரிசைக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.

சம்மாந்துறை வயல்
மிஸ், இரண்டு கேள்வி. எங்கட பிள்ளைகள் முழுக்கை உடுப்புத்தான் போடுறாங்க. முழங்கைக்குக் கீழ வெறுங்கையா இருக்கோணும் எண்டு சொன்னா வேலையை விட்டுட்டுப் போயிருவாங்க. மற்றது, அல்ககோல் திரவம் கையில பூசுறதுக்குச் சில பேருக்கு மனசு ஒப்புதில்ல.

கல்லடிப்பாலம்
நியாயமான கேள்விகள், தங்கச்சி. கழுவும்போதும் தொட்டுப் பராமரிக்கும்போதும் உடுப்பின் கையை மணிக்கட்டுக்கு மேலே 10 சென்ரிமீற்றராவது சுருட்டி, இலாஸ்ரிக் போட்டு நிறுத்தினால் போதும். முடிந்ததும் இறக்கிவிடலாம். ஆண்கள் நிற்கும் இடத்தில் முன்கையை மூடும் பிளாஸ்ரிக் உறை ஒன்றை மேலே போட்டு, ஆளுக்கு ஆள் மாற்றலாம். உடுப்பின் கைநுனி ஈரமாகிக் கட்டிலில் உரசுவதுதான் பிரச்சினை, உடுப்பு அல்ல.

இதே பிரச்சினை எங்கள் பக்கத்தில் கோயில் நூலாகவும் காப்பாகவும் இருக்கிறது. மணிக்கட்டில் நனைந்த நூல் நாள் முழுக்க ஈரமாக நிற்கும். நூலை அறுக்கச் சொல்லவேண்டாம், மேல்கைக்கு ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். மோதிரமும் வளையலும் வேலைநேரத்தில் கழற்றி வைக்கப் பூட்டுள்ள பெட்டி ஒன்று வேண்டும். பாதுகாப்பான இடம் இல்லாமல் நகையைக் கழற்றச் சொல்வது நியாயமில்லை.

அல்ககோல் திரவம் சவூதி வைத்தியசாலைகளிலேயே பாவனையில் இருக்கிறது. உள்ளூர் மௌலவி ஒருவரை ஓர் அமர்வில் ஐந்து நிமிடம் பேசவைத்தால் நாங்கள் சொல்வதைவிட நிற்கும். அப்படியும் மனம் ஒப்பாதவர்கள் சவர்க்காரம் பாவிக்கட்டும், நட்டமில்லை. வயிற்றோட்டம் பரவும்போது எல்லோருமே சவர்க்காரத்துக்குத்தான் போகவேண்டும். வயிற்றோட்டத்தைப் பரப்பும் நோரோவைரசுக்கு அல்ககோல் திரவம் அவ்வளவாக வேலை செய்யாது.

கல்முனை நானா
குளோரின் பற்றிப் பேசாமல் போகக்கூடாது. நான் பார்க்கும் கேள்விகளில் பாதி அதுதான்.

இரண்டு கரைசல் போதும். நிலம், கட்டில் சட்டம், கதவுப் பிடி, கொமோட் கதிரைக்கு 0.1 வீதம். இரத்தம், வாந்தி, மலம் சிந்திய இடத்துக்கு 0.5 வீதம். கடையில் வாங்கும் திரவ பிளீச் 5 வீதம் என்றால் 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர் போட்டால் 0.1 வீதம், 1 லீற்றர் போட்டு 9 லீற்றர் தண்ணீர் விட்டால் 0.5 வீதம். ரீ.சி.எல். எனும் பிளீச்சிங் தூளில் குளோரின் 30 வீதம் எண்டு எடுத்தால் 10 லீற்றருக்கு 33 கிராம், மற்றதுக்கு 167 கிராம். லேபலைப் பார்க்காமல் கணக்கைப் போடாதீர்கள். 3 வீதப் போத்தலும் சந்தையில் இருக்கு.

"ரெண்டு கரண்டி போடு" என்று சொல்லிக்கொடுப்பதுதான் பிழை தொடங்கும் இடம். யாருடைய கரண்டி? பலசரக்குக் கடைத் தராசில் 33 கிராமை ஒருதரம் நிறுத்து, வெறும் யோகட் கோப்பையில் கொட்டி, மட்டத்துக்கு அழியாத மையால் கோடு போடுங்கள். அந்தக் கோப்பை வாளியோடு கட்டித் தொங்கட்டும். வாளிக்குள்ளும் 10 லீற்றர் கோடு. தூளை முதலில் கொஞ்சத் தண்ணியில் குழைத்து, மிச்சத் தண்ணியை விட்டு, கால் மணித்தியாலம் அடையவிட்டு, மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் எடுக்கவேண்டும். அடியில் உள்ள சுண்ணாம்பை நிலத்தில் ஊற்றினால் வெள்ளைப் படை பிடிக்கும், கால் வழுக்கும். முதியவர் விழுந்து இடுப்பு முறிந்தால் தொற்றைவிடப் பெரிய கேடு.

ஏன் வேலை செய்யவில்லை எண்டு கேட்டால் பெரும்பாலும் மூன்று காரணம். ஊத்தையைச் சவர்க்காரத் தண்ணியால் துடைக்காமல் நேரே குளோரின் போடுவது. ஊத்தையே குளோரினைத் தின்றுவிடும். ஊற்றின உடனே துடைப்பது, 10 நிமிடம் ஈரமாக நிற்கவேண்டும். நேற்றுக் கரைத்ததை இன்றைக்குப் பாவிப்பது. கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடி மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த போத்தலும் மூடாத தூள் வாளியும் சத்தை இழந்துவிடும். இருட்டில், குளிர்ந்த இடத்தில், இறுக்கி மூடி. கிணற்றுத் தண்ணியில் இரும்பு இருந்தால் குளோரின் போட்டதும் செம்மஞ்சளாக மாறும். அந்தத் தண்ணியில் குளோரினின் ஒரு பங்கு இரும்புக்கே போகுது எண்டு அர்த்தம். குழாய்த் தண்ணி பாவிக்கவேண்டும்.

மலசலகூடம் கழுவும் அமிலத் திரவத்தோடு பிளீச்சைக் கலந்தால் குளோரின் வாயு வரும். தேங்கிய சிறுநீரில் நேரே ஊற்றினாலும் நச்சுவாயு வரும். சளிக்கார முதியவர் இருக்கிற அறையில் இது விளையாட்டு இல்லை. முதலில் தண்ணியை அள்ளி ஊற்றி, பிறகு பிளீச்.

மாதுளை
நானா, டெட்டோல் போட்டால் போதாதா? வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் போத்தல் போத்தலாகக் கொண்டுவந்து தருகிறார்கள். வாசம் இருந்தால்தான் துப்புரவு என்று உறவினரும் நினைக்கிறார்கள்.

கல்முனை நானா
மாதுளை அக்கா, வாசம் கிருமியைக் கொல்லாது. நிலத்துக்குச் சவர்க்காரத் தண்ணி, தேவையான இடத்துக்கு குளோரின். தருகிறவரிடம் பட்டியலைக் காட்டுங்கோ: திரவ சவர்க்காரம், கையுறை, மூடியுள்ள பெடல் வாளி, தலையணைக்கு பிளாஸ்ரிக் உறை. நல்ல மனசோட கேட்கிறவருக்கு என்ன வேணும் எண்டு தெரியாமல்தான் டெட்டோல் வாங்குறார்.

படுவான்கரை
இங்கே யாரும் இன்னும் தொடாத ஒன்று: முதியவருக்குத் தொற்று வந்திருப்பதைப் பராமரிப்பாளர் எப்படிக் கண்டுபிடிப்பது. தொலைவழி வழிகாட்டல் அதிகம் உதவக்கூடிய இடம் இது என்று நினைக்கிறேன், ஏனென்றால் முதியவர்களில் காய்ச்சல் குறைவாகத்தான் காயும். 101 வரட்டும் என்று காத்திருந்தால் நாள் போய்விடும். வாயில் ஒருதடவை 100 பாகை பரனைட்டுக்கு மேல் போனாலே சொல்லவேண்டும், அதாவது 37.8 பாகை செல்சியஸ். திரும்பத் திரும்ப 99 க்கு மேல் நின்றாலும் சொல்லவேண்டும். அவருடைய வழக்கமான அளவைவிட 2 பாகை பரனைட் கூடினாலும் சொல்லவேண்டும். அந்த மூன்றாவதுக்கு, சுகமாக இருக்கும்போது எடுத்த அளவு எழுதப்பட்டிருக்கவேண்டும். எத்தனை இல்லத்தில் இருக்கிறது? ஒரு கிழமைக்கான வேலையாக எல்லோருக்கும் மூன்று நாள் காலையில் வெப்பம் எடுத்து எழுதச் சொல்லலாம்.

மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணவேண்டும். 25 அல்லது அதற்கு மேல் என்றால் நியூமோனியாவை நினைக்கவேண்டும், சளிச் சத்தம் இல்லாவிட்டாலும். திடீரென்று குழம்பிப் பேசுவது, சாப்பாட்டைத் தள்ளுவது, நேற்று எழும்பியவர் இன்று எழும்பாதது, இவையெல்லாம் பராமரிப்பாளர்தான் முதலில் காண்பார். "ஐயா இண்டைக்கு ஒரு மாதிரி இருக்கார்" என்ற வசனத்தை அமர்வில் யாரும் தட்டிக்கழிக்கக்கூடாது. என்ன மாதிரி என்று கேட்டு, எண்ணவைத்து, அளக்கவைத்தால் அதுவே பயிற்சி. நிலைமை மோசமென்றால் அமர்வுக்குக் காத்திராமல் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சிறுநீர் கலங்கியிருக்கிறது, மணக்கிறது என்பதற்காக அன்ரிபயோட்டிக் கேட்டு ஓடவேண்டாம். நீண்டகாலப் பராமரிப்பில் உள்ள முதியவர்களில் பலருக்கு எந்த நோயும் இல்லாமலே சிறுநீரில் பக்ரீரியா இருக்கும். மாதக்கணக்கில் கதீற்றர் போட்டவருக்கு ஏறத்தாழ எப்போதும் இருக்கும். அறிகுறி இல்லாதவருக்கு மருந்து கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் வளர்க்கிறோம். முதலில் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். கதீற்றர்ப் பை இடுப்புக்குக் கீழே, ஆனால் நிலத்தில் படாமல். மூன்றில் இரண்டு பங்கு நிறையமுன் வெறுமையாக்கவேண்டும், ஆளுக்கு ஒரு பாத்திரம், பையின் குழாய்நுனி பாத்திரத்தில் முட்டக்கூடாது. கட்டிலை மாற்றும்போது பையை ஐயாவின் வயிற்றில் வைப்பதைக் காணொளியில் கவனியுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் பையிலுள்ளது பின்னால் போய்விடும்.

இருமல் இரண்டு கிழமையைத் தாண்டினால் சளிப் பரிசோதனைக்கு மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம்.

கல்லடிப்பாலம்
சீனி பார்க்கும் கருவியைச் சேர்க்கவேண்டும், சேர். ஊசி குத்தும் பேனா ஒன்றையே எல்லோருக்கும் பாவித்து, முனையை மட்டும் மாற்றுவது நடக்கிறது. பேனாவின் மூடியில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் நிற்கும். ஹெப்பரைரிஸ் பி வைரஸ் காய்ந்த இடத்தில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். அமெரிக்க முதியோர் இல்லங்களில் ஹெப்பரைரிஸ் பி பரவியதற்கு இதுதான் திரும்பத் திரும்பக் காரணமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஒருதடவை குத்தி எறியும் லான்செற் வாங்குங்கள். கருவியை ஒவ்வொருவருக்கும் பிறகு துடையுங்கள், கையுறையை மாற்றுங்கள். இன்சுலின் பேனா ஊசி மாற்றினாலும் இன்னொருவருக்குக் கூடாது, பெயர் ஒட்டி வையுங்கள். குத்திய ஊசிக்குத் துளைபடாத பெட்டி வேண்டும், முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி, அருகிலுள்ள வைத்தியசாலையோடு பேசி ஒப்படைக்கவேண்டும். குப்பை லொறிக்குப் போடக்கூடாது.

சம்மாந்துறை வயல்
சொறிக்கு எப்படி மிஸ்? ஒராளுக்கு மருந்து பூசினா மறுகா அடுத்த கட்டிலில வருது. அவருக்குப் பூசினா முதல் ஆளுக்குத் திரும்ப வருது.

கல்லடிப்பாலம்
ஒவ்வொருவராகப் பூசுவதால்தான் அது சுற்றுகிறது. ஸ்கேபீஸ், அதாவது தோலுக்குள் புகும் சிறு பூச்சியால் வரும் இந்தச் சொறி, முதன்முறை பிடித்தவருக்கு 2 முதல் 6 கிழமைவரை கடியே இருக்காது, ஆனால் பரப்புவார். அதனால் சொறிபவர், சொறியாதவர், வேலையாட்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் பூசவேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 30 முதியோர், 12 பணியாளர் என்றால் 42 பேர். வைத்தியர் 5 வீத பெர்மெத்ரின் எழுதினால் ஆளுக்கு 30 கிராம் ரியூப் ஒன்று, 7 நாள் கழித்து இன்னொன்று, ஆக 84. அவ்வளவும் கையில் வரும்வரை தொடங்காதீர்கள். பாதியில் முடிந்தால் முதலில் இருந்து. இந்த மருந்துக் கணக்குக்குப் பொறுப்பாளர் அமர்வில் இருக்கவேண்டும்.

பின்னேரம் குளிக்கவைத்து, உடம்பு காய்ந்து ஆறியபின் பூசத் தொடங்குங்கள். கழுத்துக்குக் கீழே என்று மருந்துப் பெட்டியில் இருந்தாலும் முதியோருக்குத் தலை, காதின் பின்பக்கம், நெற்றி எல்லாம் சேரவேண்டும், கண்ணைச் சுற்றி மட்டும் விடுங்கள். விரல் இடுக்கு, நகத்தடி, தொப்புள், அக்குள், மார்பின் கீழ் மடிப்பு, பிட்டப் பிளவு. நகம் வெட்டி, பழைய பல்துலக்கியால் நகத்தடியில் தேயுங்கள். 8 முதல் 12 மணித்தியாலம் நிற்கட்டும். இடையில் கை கழுவினால், பம்பர்ஸ் மாற்றித் துடைத்தால், அந்த இடத்துக்குத் திரும்பப் பூசவேண்டும். அதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள்.

மறுநாள் காலை குளிக்கவைத்து, விரிப்பு, சாரம், சேலை, துவாய், தலையணை உறை எல்லாம் மாற்றுங்கள். கழற்றியதைச் சுடுநீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். தோய்க்க முடியாததைப் பெரிய பொலித்தீன் பையில் கட்டி 3 நாள் திறக்காதீர்கள், இடமிருந்தால் ஒரு கிழமை. பூச்சி மனித உடம்பை விட்டு அதிக நாள் உயிர்வாழாது. பிறகும் 2 முதல் 4 கிழமை கடி இருக்கும். அது மருந்து தோற்றதல்ல, கண்டபடி திரும்பத் திரும்பப் பூசித் தோலை எரிக்கவேண்டாம். ஆனால் ஒருவருக்குத் தடித்த செதில் செதிலான தோல் கண்டால் படத்தைக் குழுவில் போடாமல் வைத்தியருக்குத் தனியே காட்டுங்கள். அது அதிகம் பரவும் வகை.

எழுவான்
படம் பற்றிச் சொன்னதால் ஒரு வார்த்தை. முதியவரின் முகம், பெயர், கட்டிலில் ஒட்டிய அட்டை எதுவும் குழுவுக்கு வரக்கூடாது. "7 ஆம் கட்டில்" என்று பேசுங்கள். புண்ணின் படம் என்றால் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, புண்ணை மட்டும். பார்த்தபின் போனிலிருந்து அழிக்கவேண்டும். முதியவரிடமோ உறவினரிடமோ கேட்காமல் எடுக்கவே கூடாது.

கல்முனை நானா
அன்னதானச் சாப்பாட்டையும் எடுங்கோ. திவசத்துக்கும் பிறந்தநாளுக்கும் கந்தூரிக்கும் பார்சல் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பது நம்முடைய நல்ல வழக்கம், அதை நிறுத்தச் சொல்லேலாது. ஆனால் விடியச் சமைத்து, சுடச்சுட வாழையிலையிலும் தாளிலும் கட்டி, பகல் 1 மணிக்குக் கொடுக்கிற சோறு ஆறு மணித்தியாலம் இளஞ்சூட்டில் இருந்திருக்கும். சோற்றில் வளரும் பசிலஸ் சீரியஸ் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சமைத்து 2 மணித்தியாலத்துக்குள் தட்டில் இருக்கவேண்டும், அல்லது 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக நிற்கவேண்டும். கொடுப்பவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கோ: பார்சல் கட்டாமல் பானையோட கொண்டுவாங்கோ, இங்கே பரிமாறலாம், முடிந்தால் அரிசியும் மீனும் தந்து இங்கேயே சமைப்போம். சமையல்காரருக்கு வயிற்றோட்டம் எண்டால் நின்று 48 மணித்தியாலம் கழியும்வரை சமையலறைக்குள் வரக்கூடாது. அந்த நாட்களுக்குச் சம்பளம் வெட்டினால் அவர் சொல்லமாட்டார், வருவார்.

72 மணித்தியாலத்துக்குள் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி வாந்தியோ வயிற்றோட்டமோ இருமலோ வந்தால், மூன்றாவது ஆளுக்குக் காத்திராமல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லவேண்டும். தாளில் ஐந்து கோடு போதும்: கட்டில் இலக்கம், தொடங்கிய நாள், நேரம், அறிகுறி, கடைசியாகச் சாப்பிட்டது.

வாவிக்கரை
மிக்க நன்றி எல்லோருக்கும். ஒரு தயக்கம் இன்னும் இருக்கிறது. போனில் பார்ப்பது போதுமா? சொன்னதைச் செய்தார்களா என்று எப்படி அறிவது?

கல்லடிப்பாலம்
போதாது. தொடக்கத்தில் ஒருமுறையும், எட்டாம் கிழமை ஒருமுறையும் நேரில் போகத்தான் வேண்டும். போனில் மணம் தெரியாது, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் உள்ள இடைவெளியும் சரியாகத் தெரியாது.

அளப்பதற்கு இரண்டு வழி. கைகழுவலை யாராவது பக்கத்தில் நின்று எண்ணினால் எண்ணும்போது மட்டும் கழுவுவார்கள். அதனால் போத்தலை அளந்து பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் வைத்தியசாலைக்குச் சொல்லும் குறைந்த அளவு 1,000 நோயாளர் நாளுக்கு (ஒருவர் ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளர் நாள்) 20 லீற்றர் அல்ககோல் திரவம். 25 பேர் உள்ள இல்லத்துக்கு மாதம் 750 நோயாளர் நாள், அதாவது 15 லீற்றர். முதியோர் இல்லத்துக்கு அவ்வளவு போகாது, சவர்க்காரமும் பாவிப்பார்கள். ஆனால் மாதம் 1 லீற்றர் மட்டும் முடிந்தால் யாரும் பாவிக்கவில்லை என்று தெரியும். மாத மாதம் கூடுகிறதா குறைகிறதா என்பதைப் பார்த்தால் போதும்.

துப்புரவுக்கு: ஒளிரும் ஹைலைற்றர் பேனாவால் கதவுப் பிடி, கட்டில் கைப்பிடி, கொமோட் கதிரையின் கை, லைற் சுவிட்ச், அழைப்புமணி ஆகியவற்றில் ஒரு சிறு புள்ளி வைத்துக் காயவிடுங்கள். அடுத்த நாள் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா ரோச்சால் இருட்டில் பாருங்கள். துடைத்திருந்தால் புள்ளி போயிருக்கும் அல்லது கலைந்திருக்கும். 10 இல் எத்தனை என்று எழுதுங்கள். முதல்முறை நிலம் பளபளக்கும், சுவிட்சில் புள்ளி அப்படியே நிற்கும்.

மாதுளை
அந்த எண்ணை இல்லங்களை மேற்பார்க்கும் திணைக்களத்துக்கு அனுப்பவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அனுப்புவார்கள் என்று தெரிந்தால் புள்ளியைத் தேடித் துடைப்பார்கள். பதிவு, மேற்பார்வை எல்லாம் அதற்குரியவர்கள் செய்யட்டும், இந்தக் குழுவுக்குள் வந்தது இந்தக் குழுவுக்குள் நிற்கவேண்டும்.

வாவிக்கரை
ஏற்றுக்கொள்கிறேன் அக்கா. முதல் அமர்விலேயே அதை வாய்விட்டுச் சொல்வோம். இப்போது வரைவை மாற்றிவிட்டேன். புதன் பகல் 2 மணி, 50 நிமிடம், இரண்டு குழு, 16 கிழமைகள். முதல் நான்கு கிழமை கை, பிறகு கரைசலும் துப்புரவும், ஏழாவது வெப்பமும் மூச்சும், எட்டாவது நேரில், பிறகு கதீற்றர், சீனிக் கருவி, சொறி, சாப்பாடு. ஆவணியில் தொடங்கினால் கார்த்திகைக்குள் முடியும்.

கல்முனை நானா
மழையைக் கணக்கில் எடுங்கோ. ஐப்பசி கடைசியில் வாடை தொடங்கினால் கரண்டும் சிக்னலும் நம்பேலாது, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பாதைகளும் தண்ணிக்குள் போகும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு குளோரின் போடுவது, குழாய்நீரில் மிச்சக் குளோரின் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருக்கா எண்டு பார்ப்பது, மலக்குழி நிரம்பினால் என்ன செய்வது, இதெல்லாம் புரட்டாதியிலேயே முடியட்டும். மழையில் விரிப்புக் காயாது. ஆளுக்கு மூன்று சோடி விரிப்பு இப்பவே வாங்கவேண்டும், இரண்டு போதாது.

சம்மாந்துறை வயல்
அப்ப நேரிலே போறதையும் முன்னுக்கு எடுங்கோ. வாளியில கோடு போடுற நாளில நானா வந்தா நல்லம், எங்கட தராசு சரியோ எண்டும் பார்க்கலாம்.

வாவிக்கரை
ஐந்தாம் கிழமைக்கு மாற்றினேன். ஒவ்வொரு இல்லமும் 10 லீற்றர் வாளி இரண்டும் அழியாத மைப்பேனா ஒன்றும் எடுத்து வையுங்கள்.